108, 112, 1077: சின்ன நம்பர்கள் மதுரையிலிருந்து எப்படி வேலை செய்கின்றன?

இது 100, 108, 112, 1077, 139, 1912 என்று நாம் எல்லோரும் பாதி மனப்பாடமாக வைத்திருக்கிற சின்ன நம்பர்களைப் பற்றிய விமர்சனம். மதுரை டவுனில் நாங்கள் இருக்கிறோம், அத்தை மாமா உசிலம்பட்டிக்கு மேற்கே, சித்தப்பா வீடு மேலூர் பக்கம், தம்பி பெங்களூரில். ஆகவே இந்த நம்பர்களை எங்கள் குடும்பம் எல்லாப் பக்கத்திலிருந்தும் பயன்படுத்துகிறது. எது நன்றாக இருக்கிறது, எது ஊர் மாறினால் காலை வாரும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் யாருக்கும் படிக்க நேரம் இருக்காது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பர் சின்னதாக இருப்பது பாதிதான். அது எந்த ஊர் மேஜையில் போய் அடிக்கிறது, எடுப்பவருக்கு நம் ஊர் புரிகிறதா என்பது மீதிப் பாதி. அந்த இரண்டாவது பாதியை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் எடைபோடுகிறேன்.

108-இல் தொடங்குகிறேன். இருப்பதிலேயே எனக்குப் பெரிய மரியாதை இதன் மேல்தான். தமிழ்நாட்டில் இது 2008 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அதற்கு முன்பே 2005 ஆகஸ்டில் ஆந்திராவில் ஆரம்பித்த முறை இது. அதற்கு முன்னால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ராத்திரி யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் யார் வீட்டில் கார் இருக்கிறது, டிரைவர் முழித்திருக்கிறாரா என்று அலைய வேண்டியிருந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்று இலக்கத்தின் அருமை தெரியும்.

மாமாவுக்கு ஒரு நாள் விடியற்காலையில் நெஞ்சுவலி வந்தபோது அத்தை வீட்டிலிருந்து நான்தான் கூப்பிட்டேன். எடுத்தவர் சென்னையில் இருந்தார். மாநிலம் முழுக்க 108-க்கான கட்டுப்பாட்டு அறை அங்கேதான். முதல் கேள்வி என்ன பிரச்சினை என்பது, அடுத்தது மாவட்டம், அப்புறம் தாலுகா, அப்புறம் ஊர். ஊர் பெயரில்தான் விஷயம் இருக்கிறது. மதுரை மாவட்டத்தில் பட்டி, பட்டி என்று முடிகிற ஊர்கள் எத்தனை, அதில் ஒரே பெயரில் எத்தனை என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுப்பட்டி என்று மட்டும் சொன்னால் எடுத்தவர் எந்தப் புதுப்பட்டிக்கு வண்டி அனுப்புவார்? அந்தப் பெண் பதற்றப்படாமல், "பக்கத்துல பெரிய ஊர் எதுங்கய்யா? மெயின் ரோட்டுல எந்த ஸ்டாப்புல திரும்பணும்?" என்று கேட்டார். நான் பஸ் ஸ்டாப் பெயரையும், ஊருக்குள் நுழைந்ததும் வருகிற தண்ணி டேங்க்கையும், மந்தையையும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வண்டியிலிருந்தே போன் வந்தது. அவர்கள் டிரைவரைப் பைலட் என்பார்கள். அவர் உசிலம்பட்டிக்காரர், "மந்தைக்கு முன்னாடி கருப்பசாமி கோயில் இருக்குமே, அங்கிட்டுத் திரும்பணுமாண்ணே?" என்று கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. வண்டியில் இருந்த மருத்துவ உதவியாளர் வீட்டு வாசலிலேயே பிரஷர் பார்த்து, மாமாவை நடக்கவே விடாமல் ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அத்தையிடம் கேட்டு எழுதிக்கொண்டார். உசிலம்பட்டி அரசு மருத்துவமனை, அங்கிருந்து மதுரை பெரியாஸ்பத்திரி. மாமா இப்போது நன்றாக இருக்கிறார், காலையில் தோட்டத்துக்குப் போகிறார்.

ஆக 108-க்கு என் பரிந்துரை தயக்கம் இல்லாதது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே செய்து வையுங்கள்: உங்கள் வீட்டுக்கு வழி சொல்ல மாவட்டம், தாலுகா, பக்கத்துப் பெரிய ஊர், பஸ் ஸ்டாப், அடையாளம் என்ற வரிசையில் ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்டுங்கள். பேரன் பேத்திகள் கூடப் படித்துச் சொல்லலாம். வீட்டு எண், தெருப் பெயர் எல்லாம் கிராமத்தில் பாதிப் பேருக்கு உபயோகமில்லை, ரேஷன் கடைக்கு எதிரே என்பதுதான் உபயோகம்.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறேன். பெங்களூரில் இருக்கிற தம்பி, மேலூர் பக்கத்தில் இருக்கிற சித்தப்பாவுக்காக 108-ஐ அழுத்தினால் அது கர்நாடகாவின் 108-க்குத்தான் போகும். அங்கேயும் அதே நம்பர், அதே மாதிரி வண்டி, ஆனால் அது வேறு மாநிலத்தின் சேவை. சென்னையிலிருந்து அழுத்தினால் பிரச்சினை இல்லை. தமிழ்நாட்டுக்கு ஒரே அறை என்பதால் மேலூர் என்று சொன்னால் மேலூருக்கே அனுப்புவார்கள். மூன்று இலக்க நம்பர் எப்போதும் நம் போன் அப்போது பிடித்திருக்கிற டவரைப் பொறுத்துத்தான் எங்கே போவதென்று முடிவாகும், நம் சிம் எந்த ஊரில் வாங்கியது, நாம் யாருக்காகக் கூப்பிடுகிறோம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சபரிமலைக்குப் போகிற நம் ஊர்க்காரர்கள் கம்பம் தாண்டிக் குமுளி ஏறும்போது கவனிக்க வேண்டியதும் இதுதான். போன் கேரள டவரைப் பிடித்திருந்தால் கேரளத்துக்குப் போகும். எடுத்ததும் எந்த மாநிலத்துக்குப் பேசுகிறோம் என்று கேட்டுவிடுவது நல்லது.

வெளியூரில் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் நம் பக்கம் எத்தனை! அவர்களுக்கு நான் சொல்வது, ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் நம்பர், ஊர்க்காரர் ஒருவருடைய நம்பர், பக்கத்து ஆஸ்பத்திரியின் லேண்ட்லைன் நம்பர், இந்த மூன்றும் உங்கள் போனில் இருக்கட்டும். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து 108 என்று அழுத்தி நம் ஊர் வண்டியைக் கூப்பிட வழியே இல்லை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் 108-ஐ அழுத்த வேண்டும்.

இந்த எண்கள் எல்லாம் ஏன் 1-இல் தொடங்குகின்றன என்று என் மகள் கேட்டாள். எங்கள் பெரியம்மா தொலைபேசித் துறையில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் காலத்துச் சுற்றுகிற டயல் போனில் ஒவ்வொரு இலக்கமும் ஒரு எண்ணிக்கைத் துடிப்பாக எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். 1 என்றால் ஒரு துடிப்பு, 9 என்றால் ஒன்பது, 0 என்றால் பத்து. முதல் இலக்கத்தை வைத்தே எக்ஸ்சேஞ்ச் அந்த அழைப்பை எந்தப் பக்கம் திருப்புவதென்று முடிவு செய்யும். 0 வந்தால் வெளியூர். 1 வந்தால் இலாகாவின் சொந்தச் சேவை. அதனால்தான் இன்றைக்கும் யாருடைய வீட்டு நம்பரும் 1-இல் தொடங்காது. டிரங்க் கால், அதாவது ஆபரேட்டர் வழியாகப் போகிற வெளியூர் அழைப்பு, புக் செய்ய 180, புக் செய்த கால் என்ன ஆயிற்று என்று கேட்க 181, டைரக்டரி விசாரணைக்கு 197, போன் ரிப்பேர் என்றால் 198. இதை அவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். டிரங்க் போர்டில் உட்கார்ந்து வயரைச் சொருகி, டிக்கெட்டில் எந்த ஊர், என்ன நம்பர், ஆர்டினரியா அர்ஜென்ட்டா லைட்னிங்கா என்று எழுதி வரிசையில் வைத்து, ராத்திரி முழுக்க ஊர் ஊராக லைன் கேட்ட வேலை அது. "இறப்புச் சேதி சொல்ற காலுக்கு நாங்க டிக்கெட்டைப் பாத்ததுமே முன்னால எடுத்துருவோம்டா, அதுக்கு ரூல் எல்லாம் கிடையாது" என்றார். அந்த ஒரு வரிக்காகவே அவரை வணங்க வேண்டும்.

இந்தியாவில் ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக வெளியூருக்கு டயல் செய்கிற எஸ்.டி.டி. 1960 நவம்பரில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே ஆரம்பித்தது. அதற்கப்புறம் வந்த ஊர்க் கோடுகளில்தான், அதாவது வெளியூர் நம்பருக்கு முன்னால் போடுகிற எண்களில்தான், நம் வட்டார வித்தியாசங்கள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. மதுரை 0452, திண்டுக்கல் 0451, திருமங்கலம் 04549, உசிலம்பட்டி 04552, தேனி 04546, சிவகங்கை 04575, விருதுநகர் 04562. கவனித்தால் ஒரு கணக்கு தெரியும். முன்னால் இருக்கிற 0-வை விட்டுவிட்டால் மதுரைக்கு மூன்று இலக்கக் கோடு, வீட்டு நம்பர் ஏழு இலக்கம். உசிலம்பட்டிக்கு நான்கு இலக்கக் கோடு, வீட்டு நம்பர் ஆறு. சென்னைக்கு இரண்டு, அங்கே வீட்டு நம்பர் எட்டு. எல்லாம் கூட்டினால் பத்துதான். பெரிய ஊருக்குச் சின்னக் கோடு, சின்ன ஊருக்குப் பெரிய கோடு. இடையில் சில வருஷம் 200 கிலோமீட்டருக்குள் இருக்கிற மாநிலத்துக்குள்ளான அழைப்புகளுக்கு 0-வுக்குப் பதிலாக 95 போட வேண்டும் என்று வைத்திருந்தார்கள், திண்டுக்கல்லுக்கு 95451. கட்டணம் குறைவு என்பதால் எஸ்.டி.டி. பூத்துகளில் அதைப் பெரிதாக எழுதி ஒட்டியிருப்பார்கள். பிறகு அது போய், 95 மொபைல் நம்பர்களின் தொடக்கமாகிவிட்டது. கடைசியாக வந்த மாற்றம் 2021 ஜனவரி 15-இல், லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அழைத்தால் முன்னால் 0 போட வேண்டும் என்பது. அதனால் 254.4 கோடிப் புது நம்பர்களுக்கு இடம் கிடைக்கும் என்று கணக்குச் சொன்னார்கள். வயதானவர்கள் வீட்டில் லேண்ட்லைன் இருந்தால் இதை மறக்காமல் சொல்லிக்கொடுங்கள்.

அவசர நம்பரின் கதை லண்டனில் தொடங்குகிறது. 1935-இல் அங்கே ஒரு தீ விபத்தில் ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புத் துறைக்குப் போன் செய்ய முயன்றும் எக்ஸ்சேஞ்சின் வரிசையில் காத்திருக்க வேண்டி வந்தது. அதன் பிறகு 1937 ஜூன் 30-இல் 999 வந்தது. ஏன் சுலபமாக 111 வைக்கவில்லை? காற்றில் கம்பிகள் ஒன்றோடொன்று உரசினாலே ஒரு துடிப்பு போய்விடும், அது மூன்று தடவை நடந்தால் 111 ஆகிவிடும். 999 என்றால் 27 துடிப்பு, தானாக நடக்க வாய்ப்பே இல்லை. நியூசிலாந்தில் டயலில் எண்கள் தலைகீழாக இருந்தன, 1-ஐச் சுற்றினால் ஒன்பது துடிப்பு போகும். ஆகவே அங்கே 1958-இல் 111 வைத்தார்கள், எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேர்வது அதே 27 துடிப்புதான். அமெரிக்காவில் 911-இன் முதல் அழைப்பு 1968 பிப்ரவரி 16-இல் அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சின்ன ஊரில். ஐரோப்பா முழுவதற்கும் 112 என்று 1991-இல் முடிவெடுத்தார்கள். நம் 100-ஐ அந்தச் சுற்றுப் போனில் கணக்குப் போட்டால் 21 துடிப்பு வருகிறது, 112-க்கு வெறும் நான்கு. பெரியம்மா இதைக் கேட்டதும், "அப்ப எங்க காலத்துல 112 வச்சிருந்தா ஆடி மாசக் காத்துக்கே போலீசு வந்துருக்கும்" என்றார்.

112-க்கு வருவோம். இந்தியாவுக்கும் ஒரே அவசர நம்பர் வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015-இல் பரிந்துரைத்தது, 2018 நவம்பரில் இமாச்சலப் பிரதேசத்தில் முதலில் வந்தது, அடுத்த வருஷம் தமிழ்நாட்டிலும் வந்துவிட்டது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் ஒன்றே. இதன் பெரிய பலம், உலகத்தில் எங்கே செய்த ஜி.எஸ்.எம். போனாக இருந்தாலும் 112 அவசர நம்பர் என்பது அதற்குள்ளேயே தெரியும். போன் பூட்டியிருந்தாலும் அடிக்கலாம், நம் கம்பெனி டவர் இல்லாத இடத்தில் வேறு கம்பெனி டவர் இருந்தால் அது வழியாகவும் போக முடியும். அழகர்மலைப் பக்கமோ சதுரகிரி ஏற்றத்திலோ நம் சிம்மில் சிக்னல் கோடே காட்டாத இடத்தில் இதை நினைவு வைத்துக்கொள்ளுங்கள். 2017-இலிருந்து இந்தியாவில் விற்கிற போன்களில் அவசர பட்டன் இருக்க வேண்டும் என்பதும் விதி: பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிப்பது, ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை மூன்று முறை தட்டுவது. அத்தையின் பட்டன் போனில் அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன், வேண்டுமென்றே அழுத்திப் பார்க்கக் கூடாது என்பதையும் சேர்த்து.

112-ஐ நான் 108-க்கு ஒரு படி கீழேதான் வைப்பேன். காரணம், நம் ஊரில் ஆம்புலன்ஸ் என்றால் 108 என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், அதற்கு நேராகவே கூப்பிடலாம்; 112 மாநிலத்துக்கு ஒரே கட்டுப்பாட்டு அறையில் எடுத்து அங்கிருந்து மாவட்டத்துக்கு அனுப்புகிற அமைப்பு. என்ன நடக்கிறது என்றே புரியாத நேரத்தில், அதாவது ரிங் ரோட்டில் விபத்து, வண்டியிலிருந்து புகை வருகிறது, ஆள் உள்ளே மாட்டியிருக்கிறார் என்கிற மாதிரி நேரத்தில் 112 சிறந்தது. நெஞ்சுவலி, பிரசவ வலி என்றால் நேராக 108.

இதே இடத்தில் 102-ஐப் பற்றிச் சொல்ல வேண்டும், இங்கேதான் மாநிலத்துக்கு மாநிலம் நிஜமாகவே குழப்பம். டெல்லியில் 102 என்பது அரசின் அவசர ஆம்புலன்ஸ். தமிழ்நாட்டில் 102 என்பது அரசு மருத்துவமனையில் பிரசவமான தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுபோய் விடுகிற வண்டி. டெல்லியில் வேலை பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பிய ஒருவர் இங்கே அவசரத்துக்கு 102-ஐ அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிப் புத்தகங்களில் 100 போலீஸ், 101 தீயணைப்பு, 102 ஆம்புலன்ஸ் என்று வரிசையாகப் படித்தவர்கள் நாம். அந்த வரிசையில் மூன்றாவது நம் மாநிலத்துக்குப் பொருந்தாது. அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலை ஊருக்கு இலவசமாகக் கொண்டுவர 155377 என்று ஒரு நம்பர் இருக்கிறது. அமரர் ஊர்தி சேவை. நல்ல சேவை, ஆனால் துக்கத்தில் இருப்பவர் ஆறு இலக்கத்தை எங்கே நினைவு வைப்பார்? பெரியாஸ்பத்திரி வாசலில் தனியார் வண்டிக்கு ஆயிரக்கணக்கில் பேரம் பேசிக்கொண்டிருக்கிற ஏழைக் குடும்பத்தைப் பார்த்தால் இந்த நம்பரைச் சொல்லுங்கள். ஆடு மாடுகளுக்கு 1962, நான்கு இலக்கம், கிராமத்தில் நல்ல பெயர் எடுத்திருக்கிறது.

நினைவில் நிற்பதற்கென்றே யோசித்து வைத்த நம்பர் என்றால் 1098-தான். 1996-இல் மும்பையில் ஆரம்பித்த குழந்தைகள் உதவி எண். பத்து, ஒன்பது, எட்டு என்று குழந்தைகள் எண்ணி இறங்குகிற வரிசை. அதே அக்கறை 181-லும் தெரிகிறது. 2012 டிசம்பரில் டெல்லியில் பெண்களுக்கான உதவி எண்ணை முதலில் 167 என்று கொடுத்து, உடனேயே நினைவு வைக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று 181 ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் அது 2018-இல் வந்தது. பெரியம்மா காலத்தில் டிரங்க் கால் தாமதத்துக்குக் கெஞ்சுவதற்கு அழுத்திய அதே 181. சைபர் மோசடிக்கும் அப்படித்தான், முதலில் 155260 என்று இருந்ததை 1930 ஆக்கினார்கள். பணம் போன முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம் என்பதால் அந்தச் சுருக்கம் மிகத் தேவையானது. பேங்க்குக்கு ஓடுவதற்கு முன்னால் 1930.

1077 எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இது மாவட்டத்தின் நம்பர். கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிற பேரிடர் கட்டுப்பாட்டு அறை. வைகையில் தண்ணீர் திறந்துவிட்டால், கண்மாய் உடைந்தால், மரம் சாய்ந்து ரோடு அடைத்தால் கூப்பிட வேண்டிய இடம். எடுப்பவர் மதுரையிலேயே இருப்பார், வண்டியூர் கண்மாய் என்றால் விளக்க வேண்டியதில்லை. இதில் இன்னொரு வசதி, வெளியூரிலிருந்து கூப்பிட ஊர்க் கோட்டை முன்னால் சேர்த்தால் போதும். பெங்களூரில் இருக்கிற தம்பி 0452 1077 என்று அழுத்தினால் மதுரைக்கு வரும். 108-க்கு நான் சொன்ன குறை இதில் இல்லை. மாநில அளவில் என்றால் 1070. மழைக் காலத்தில் செய்திகளில் 1077 என்று மட்டும் போடுகிறார்கள், எல்லா மாவட்டத்துக்கும் அதே நம்பர் என்பதால் கோட்டையும் சேர்த்துப் போட்டால் வெளியூரில் இருப்பவர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும்.

கரண்ட் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் மாறிவிட்டது. நாடு முழுக்க மின்சாரப் புகாருக்கு 1912 என்ற நம்பர் உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஜூனில் மின்னகம் என்று பத்து இலக்க நம்பரை வைத்தார்கள், 94987 94987. சின்ன நம்பரை விட்டுவிட்டு ஏன் பத்து இலக்கம் என்று எனக்குத் தோன்றியது. பயன்படுத்திப் பார்த்த பிறகு இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, ஐந்து இலக்கத்தை இரண்டு தடவை சொல்வதுதான், மனதில் நின்றுவிடுகிறது. இன்னொன்று, பத்து இலக்கம் என்பதால் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாலும் அதே இடத்துக்குத்தான் போகும். மின்னகமும் சென்னையில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே பட்டிப் பெயர்க் குழப்பம் வருவதில்லை. அவர்கள் முதலில் கேட்பது மின் இணைப்பு எண். மதுரை மண்டலத்து இணைப்பு எண்கள் 05 என்று ஆரம்பிக்கும், அடுத்தடுத்த இலக்கங்களிலேயே எந்தப் பிரிவு அலுவலகம் என்பது வந்துவிடும். எண்ணைச் சொன்னதும் அவர் நம் தெருவைச் சொல்கிறார். இடத்தை வாயால் விளக்குவதை விட இது எவ்வளவோ மேல், கரண்ட் பில் மெசேஜிலேயே அந்த எண் இருக்கிறது. 108-க்கும் இப்படி வீட்டுக்கு ஒரு எண் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ரயிலுக்கு 139. முன்பு விசாரணைக்கு 131, பாதுகாப்புக்கு 182, பெட்டியில் சுத்தம், மருத்துவம் என்றால் 138 என்று சிதறிக் கிடந்ததை ஒன்றாக்கினார்கள், 182-ஐ 2021 ஏப்ரலில் இதோடு சேர்த்தார்கள். தமிழிலும் பேசுகிறது. பாண்டியன் எக்ஸ்பிரஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கேட்க இப்போது செயலிகள் இருக்கின்றன, ஆனால் ஓடுகிற ரயிலில் பக்கத்து சீட்டில் ஒருவர் தொல்லை கொடுத்தால் 139-தான். நல்ல சேவை, மேலே சொல்ல ஒன்றுமில்லை.

மொபைல் கம்பெனிகளின் சின்ன நம்பர்கள்தான் இந்த வரிசையிலேயே மோசம். 198 புகாருக்கு, 121 பொது விசாரணைக்கு, 1909 தொல்லை விளம்பர அழைப்புகளை நிறுத்த, நம்பரை மாற்றாமல் கம்பெனி மாற 1900-க்கு மெசேஜ். சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நடப்பில், அத்தை போனில் கேட்காமலே காலர் டியூன் ஏறி மாதா மாதம் பணம் போய்க்கொண்டிருந்தது. ஒரு தனியார் கம்பெனி சிம். அவர்களுடைய 198-இல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பதிவுக் குரல் சுற்றிச் சுற்றி விட்டதே தவிர ஆள் வரவில்லை. வாசிக்கத் தெரியாத, பட்டன் போன் வைத்திருக்கிற அறுபது வயதுப் பெண் இந்தச் சுற்றில் என்ன செய்ய முடியும்? எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கடைசியில் 155223-க்கு மெசேஜ் அனுப்பித்தான் நிறுத்தினேன், கட்டணச் சேவைகளை நிறுத்த எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான நம்பர் அது. 198-இல் புகார் சொன்னால் டாக்கெட் நம்பர் என்று ஒன்று தந்தாக வேண்டும், அதை எழுதி வாங்காமல் போனை வைக்காதீர்கள். அது கையில் இருந்தால்தான் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம்.

நட்சத்திரம், ஹேஷ் போட்டு அழுத்துகிற கோடுகள் வேறு வகை. அவை அழைப்பே இல்லை, நெட்டும் வேண்டாம். பேலன்ஸ் பார்க்கிற கோடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பி.எஸ்.என்.எல்.லில் *123#. ஆனால் *#06# அழுத்தினால் எந்தப் போனிலும் அதன் ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண் வரும், போன் தொலைந்தால் போலீஸ் ஸ்டேஷனில் கேட்பது அதைத்தான், இன்றே எழுதி வையுங்கள். *99# நெட் இல்லாமல் பேங்க் கணக்குப் பார்க்க, பணம் அனுப்ப. 2014 ஆகஸ்டில் நாடு முழுக்க வந்தபோது தமிழுக்கென்றே *99*23# என்று தனிக் கோடு கொடுத்தார்கள். இந்த மொழி யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. டவர் சிக்னல் குறைவாக இருக்கிற பேரையூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு இது உபயோகம். மெனு சட்டென்று மறைந்துவிடும், மெதுவாக அழுத்துகிறவர்களுக்குத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும் என்பது குறை.

யாராவது போனில் கூப்பிட்டு, "சிம் கட் ஆகப் போகுது, *401* போட்டு இந்த நம்பரை அழுத்துங்க" என்றால் தொடாதீர்கள். அது உங்கள் அழைப்புகளை எல்லாம் அவர்கள் நம்பருக்குத் திருப்பிவிடுகிற கோடு, குரலில் வருகிற ஓ.டி.பி. எல்லாம் அவர்களுக்கே போய்விடும். இந்த மோசடி பெருகியதால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் இப்படிக் கோடு அழுத்தி அழைப்பைத் திருப்புவதை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவிட்டது. ஏற்கெனவே யாராவது திருப்பி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க *#21#, எல்லாத் திருப்பலையும் ரத்து செய்ய ##002#. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பா, அம்மா, அத்தை, மாமா போன்களை வாங்கி இந்த இரண்டையும் அழுத்திப் பார்த்துவிட்டு வாருங்கள்.